சக்கரவர்த்தித் திருமகன்: கதையை நிறுத்திவிட்டு நம்மிடம் பேசிய புத்தகம்

[திரையில்: பழுப்புத்தாள் அட்டை போட்ட பழைய புத்தகம். முதுகுப்பக்கம் கிழிந்து தையல் நூல் தெரிகிறது.]

வணக்கம். ராஜாஜி எழுதிய இந்த ராமாயணப் புத்தகத்தை நான் முதலில் வாசித்தது எனக்காக இல்லை, ஆச்சிக்காக. ஆச்சிக்குக் கண்ணில் புரை. அதனால் தினமும் விளக்கு வைத்ததும் நான் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக ஒரு அத்தியாயம் வாசிக்க வேண்டும், ஆச்சி சுவரில் சாய்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்பார்.

ஒருநாள் ராவணன் சீதையைக் கவர்ந்து போகிற இடம் வந்தது. ஒரு கையால் கூந்தலைப் பற்றி, மறுகையால் தூக்கிக்கொண்டு போனான் என்று வாசித்தேன். ஆச்சியின் கை அப்படியே நின்றது. "தொட்டா தூக்குனான்? யாரு சொன்னா? குடிசையோட தரையையே பேத்துல்லா எடுத்துட்டுப் போனான்! நல்லாப் பாத்து வாசி ஏட்டி."

நல்லாப் பார்த்துத்தான் வாசித்தேன். எழுத்து அப்படித்தான் இருந்தது.

சரி, யார் சொன்னது சரி? இரண்டுமே சரி. வால்மீகி சொல்வதில் ராவணன் சீதையைத் தொட்டுத்தான் தூக்குகிறான். கம்பர் அதை எழுதவில்லை. விருப்பமில்லாத பெண்ணைத் தீண்டக் கூடாது என்று ராவணனுக்கு ஒரு சாபம் உண்டு, அதை நினைத்து அவன் நிலத்தையே ஒரு யோசனை (பழங்காலத் தூர அளவு) ஆழத்துக்குப் பிளந்து எடுத்தான் என்று பாடுகிறார். கோயில் கதாகாலட்சேபத்தில் கேட்டே வளர்ந்த ஆச்சிக்கு ராமாயணம் என்றால் கம்பர்தான், எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் வரி வரியாகத் தெரியும். என் கையில் இருந்ததோ ராஜாஜி வால்மீகியின் தடத்தில் எழுதிய கதை.

[திரையில்: 1954]

ராஜாஜி அப்போதுதான் சென்னை மாநில முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கியிருந்தார். வயது 75. அதற்கு முன்பே 'வியாசர் விருந்து' என்று மகாபாரதத்தை எழுதி முடித்திருந்தார். இப்போது ராமாயணத்தைக் கல்கி இதழில் வாரா வாரம் எழுதத் தொடங்கினார், அதுதான் சக்கரவர்த்தித் திருமகன். 1958இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அத்தியாயங்கள் இவ்வளவு சின்னதாக இருப்பதற்கு அந்த வாரத் தொடர்தான் காரணம் என்று நினைக்கிறேன். பத்து வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் வாசித்து முடிக்கலாம், தொண்டையும் வறளாது.

ஆனால் எனக்கு இந்தப் புத்தகம் உயிர் ஆனது எளிமையால் மட்டும் இல்லை. இவர் கதையை நடுவில் நிறுத்துவார். வால்மீகி இப்படிச் சொல்கிறார், கம்பர் இதை வேறு விதமாகப் பாடுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி சொல்லிவிட்டு, மறுபடி கதைக்குள் போவார். அகலிகை கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வந்திருப்பது இந்திரன் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தேதான் இணங்கினாள் என்று வால்மீகி சொன்னதை மறைக்காமல் எழுதுகிறார், பிறகு இது வால்மீகி சொன்னது, மக்களிடம் வேறு கதைகளும் வழங்குகின்றன என்கிறார். நமக்குத் தெரிந்தது கல்லாகக் கிடந்த அகலிகை, அது கம்பர் வழி. வால்மீகியின் அகலிகை கல்லாகவில்லை. யார் கண்ணிலும் படாமல் காற்றை உண்டு சாம்பலில் கிடக்கிறாள். முதன்முதலாகப் புராணம் வாசிக்கிற ஒரு பிள்ளையிடம், இந்தக் கதையை வேறு மாதிரியும் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு பெரியவர் சொல்வது எவ்வளவு பெரிய நம்பிக்கை! அதே ஆண்டுகளில்தான் பெரியார் ராமாயணத்தைக் கேள்விமேல் கேள்வி கேட்டு ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அந்தச் சூழலில் நின்றுதான் இவர் இதை எழுதினார்.

[திரையில்: கடைசி அத்தியாயம். ஓரத்தில் சுண்ணாம்புக் கறை.]

இப்போது முடிவுக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த இடம். பட்டாபிஷேகத்தோடு கதை முடிந்துவிடும், கம்பரும் அங்கேதான் நிறுத்துகிறார். அப்புறம் ராஜாஜி தன்னைப் பற்றிச் சொல்கிறார். நாட்டை விட்டுப் போனபோது ராமன் வருந்தவில்லை, சீதையை இழந்தபோதுதான் துயரம் தெரிந்தது. தனக்கும் அப்படித்தானாம்: பெரிய பதவியை விட்டு இறங்கியபோது ஒன்றும் தோன்றவில்லை, ராமன் கதை முடிந்த இன்றுதான் சாமி இல்லாத கோயில் மாதிரி வெறுமையாக இருக்கிறது என்கிறார். கவர்னர் ஜெனரலாக இருந்த மனிதர் சொல்கிறார்!

சீதையை மறுபடி காட்டுக்கு அனுப்பும் உத்தர காண்டத்தைப் பற்றியும் சொல்கிறார். அந்தக் கதை நம் பெண்களின் துயரத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும், அதில் அழகு உண்டு, ஆனாலும் தன் மனம் அதை ஏற்கவில்லை என்று வெளிப்படையாக எழுதிவிடுகிறார்.

நான் இதை வாசித்து முடித்தபோது நன்றாக இருட்டிவிட்டது. ஆச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அவருக்கும் மனசு கேக்கலையா?" என்றார். அந்தப் பக்கத்தை மறுபடி வாசிக்கச் சொல்லி, நான் வாசித்து முடிக்கும்வரை புத்தகத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கறை அன்றைக்கு ஒட்டியதுதான்.