மலையில மழை கூடுமெண்டா வெருகலுக்கு என்ன? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, ஈச்சிலம்பற்றில இருந்து ஒரு அக்கா. "மலைநாட்டுக்கும் அடிவாரத்துக்கும் மூண்டு மாசத்து எதிர்வுகூறல்ல, மழை சராசரியை விடக் கூடுறதுக்கு 45 வீதம் எண்டு போட்டிருந்தா, 45 வீதம் கூடுதலாப் பெய்யுமெண்டா அர்த்தம்? வெருகல் ஆத்தங்கரையில இருக்கிற நாங்க எதைப் பார்க்கிற? தையில பிள்ளையளோட நுவரெலியா போகலாமா?"

முதல்ல அந்த 45. அது மழைட அளவு இல்ல அக்கா, வாய்ப்பு. 30 வருசத்து மழையை எடுத்து, குறைஞ்ச பத்து, நடுப் பத்து, கூடின பத்து எண்டு மூண்டு கூறாப் பிரிப்பாங்க. ஒரு அறிகுறியும் இல்லாட்டி ஒவ்வொரு கூறுக்கும் 33 வீதம் வாய்ப்பு. 45 எண்டா தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு, அவ்வளவுதான். மிச்சம் 55 மற்ற ரெண்டு கூறுக்கும் கிடக்கு.

அதுவும் மூண்டு மாசத்து மொத்தம். திருகோணமலையில கார்த்திகை, மார்கழியில மாசத்துக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல பெய்யிறது வழமை. அது இருபது நாளாப் பெய்ஞ்சா வயல் குடிச்சிடும், ரெண்டு நாளில கொட்டினா வீட்டுக்குள்ள வந்திடும். 2025 கார்த்திகைக் கடைசியில வந்த டித்வா மாதிரி ஒரு புயலை எந்தப் பருவகால எதிர்வுகூறலும் நாள் குறிச்சுத் தராது.

லா நினா, அதாவது பசிபிக் கடல் வழமையை விடக் குளிர்ந்திருக்கிற வருசமா எண்டு கட்டாயம் பாருங்க. லா நினாவில ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழை குறையிற பக்கம் சாயும், தைக்குப் பிறகு கூடும். அந்தக் கடல் சூடாகிற எல் நினோ எண்டா நேர் எதிர். 2011 தையில கிழக்கு வயலெல்லாம் மூழ்கினது பலமான லா நினாவிலதான். லா நினா வருசத்தில ஐப்பசியில முதல் மழையை நம்பி விதைச்சா முளை காயலாம். தப்பி வந்த மூண்டரை மாச நெல்லு தை கடைசியில விளைஞ்சு நிக்கேக்க மழை வந்தா, கதிர் சாய்ஞ்சு நிண்ட இடத்திலயே முளைச்சிடும்.

இனி ஆறு. வாடைக்காற்று கடலில இருந்து ஈரத்தை அள்ளி வந்து நக்கிள்ஸ் மலைட கிழக்குச் சரிவில ஏறேக்க கொட்டுது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக்குடாவில விழுது, வெருகல் ஆறு அதிட கிளை. விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே அணைகள் பிடிச்சு வைக்கிறது மேல்பக்கத்துத் தண்ணியைத்தான். அதுக்குக் கீழ விழுற மழையில கனக்க நேர இங்கதான் வரும். அதுகளும் கார்த்திகையிலயே நிறைஞ்சிருந்தா, பிறகு வாறதை வான்கதவால விடுறதைத் தவிர வழியில்ல.

அதனால ஈச்சிலம்பற்று வானத்தைப் பார்க்காதீங்க, மேல மகாவலியில மன்னம்பிட்டியில இருக்கிற ஆத்து நீர்மட்ட அளவுகோலைப் பாருங்க. நீர்ப்பாசனத் திணைக்களம் அதை எச்சரிக்கை மட்டம், சிறு வெள்ளம், பெரு வெள்ளம் எண்டு மூண்டு படியா வெளியிடுது. ஒரு வாசிப்பு காணாது. அடுத்தடுத்து மூண்டைப் பார்த்தாத்தான் ஏறுதா, நிக்குதா, இறங்குதா எண்டு விளங்கும். கன பேர் பிழை விடுறது இதிலதான். மழை விட்டு வெயில் எறிச்ச உடனே மாட்டைத் திரும்ப ஆத்தோரம் கொண்டு போய்க் கட்டுவாங்க. மலைத் தண்ணி அப்பதான் வந்துகொண்டிருக்கும்.

நுவரெலியா விசயம். புல்லில வெள்ளையாப் படியிற துகள் உறைபனி மழையோட வாறதில்ல. முகில் இல்லாத, காத்து அசையாத இரவில, கூடுதலா தை, மாசியில விழும். அங்க உயரம் 1,868 மீற்றர். 1,000 மீற்றருக்கு 6.5 பாகை கணக்கில, இங்க இரவு 24 எண்டா அங்க 12 வரவேணும். ஆனா குளிர்காத்து பாரம், பள்ளத்தில வந்து தேங்கும். அதுதான் தெளிஞ்ச இரவில 4, 5 வரைக்கும் இறங்குது. மழை கூடின தை எண்டா உறைபனியை விட மண்சரிவுக்குத்தான் பயப்பட வேணும். 24 மணித்தியாலத்தில மழை 75 மில்லிமீற்றர் தாண்டினா மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், 100 செம்மஞ்சள், 150 எண்டா சிவப்பு, சனத்தையே அங்க இருந்து எழுப்பி அனுப்புவாங்க. மஞ்சள் எண்டா இருட்டுக்கு முதல் மலைப்பாதையை முடிச்சிடுங்க. மஹியங்கனையால பதினெட்டு வளைவு ஏறுற எண்ணம் இருந்தா விடுங்க, தம்புள்ள, மாத்தளையால போங்க. செம்மஞ்சள் வந்திட்டா பயணமே வேணாம். ஹோட்டலுக்குக் கட்டின காசு போனாப் போகட்டும்.