உலகக் கண்டனம் ஒடுக்கும் அரசையும் அசைக்கும்: பட்டிமன்றத்தில் ‘ஆம்’ அணியின் உரை

நடுவர் ஐயா அவர்களே, தமுக்கத்தில் கூடியிருக்கும் மதுரைப் பெருமக்களே, வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணிப் பேராசிரியர் அம்மா ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்ந்தார்கள். மதத்தின் பெயரால் சொந்தக் குடிமக்களையே வதைக்கும் ஓர் அரசு, மதுரைத் தலைமை அஞ்சலகத்தில் நாம் சேர்க்கும் கண்டனக் கடிதத்துக்கா அஞ்சப்போகிறது என்று கேட்டார்கள். சான்றாக ஈரானைக் காட்டினார்கள். 1983 மே மாதம் அமெரிக்க அதிபர் ரீகன் மரண தண்டனைகளை நிறைவேற்ற வேண்டாம் என்று வெளிப்படையாக முறையிட்டும், அடுத்த மாதமே ஷிராஸ் நகரில் பஹாய் சமயத்தைச் சேர்ந்த பத்துப் பெண்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களுள் குழந்தைகளுக்குச் சமயப் பாடம் சொல்லிக்கொடுத்த மோனா என்ற 17 வயதுப் பெண்ணும் ஒருவர். அம்மா சொன்னது உண்மை; அந்தக் கொடுமையைச் சிறிதாக்கிப் பேச நான் எழவில்லை. ஆனால் அவர்கள் 1983-ஆம் ஆண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பின் நடந்ததைத்தான் நான் அவைமுன் வைக்க வேண்டியிருக்கிறது.

தில்லிக்குச் சென்று தாமரைக் கோயிலைப் பார்த்துத் திரும்பிய நம்மூர்க்காரர் பலருக்கு, அது பஹாய் மக்களின் வழிபாட்டிடம் என்பதோ, அதை வடிவமைத்த ஃபரிபோர்ஸ் சஹ்பா ஈரானில் பிறந்தவர் என்பதோ தெரிந்திருக்காது. பஹாய் சமயம் பிறந்த ஈரான் மண்ணிலேயே, மதத் தலைவர்கள் ஆட்சிக்கு வந்த 1979 புரட்சிக்குப் பின் இருநூறுக்கும் மேற்பட்ட பஹாய்கள் கொல்லப்பட்டார்கள். வெளிநாடுகளில் வாழ்ந்த அவர்களுடைய சமயத்தார் ஓய்ந்துவிடவில்லை. அரசுகளிடமும் நாடாளுமன்றங்களிடமும் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லி முறையிட்டார்கள். 1985 முதல் ஐ.நா. பொதுச்சபை ஈரானின் மனித உரிமை நிலை குறித்து ஏறத்தாழ ஆண்டுதோறும் தீர்மானம் நிறைவேற்றியது.

1991-இல், கல்வி, பண்பாட்டுக் கொள்கைகளை வகுக்கும் ஈரான் அரசு அமைப்பான பண்பாட்டுப் புரட்சி உயர்மன்றம், பஹாய்களை எவ்வாறு நடத்துவது என்று ஒரு ரகசியக் குறிப்பை எழுதியது, 1993-இல் ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதி அதை வெளியிட்டார். பஹாய் என்று தெரிந்தால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்க வேண்டும், வேலை தரக் கூடாது, முன்னேறும் வழியை அடைக்க வேண்டும் என்கிறது அந்தக் குறிப்பு. அதே குறிப்பு, காரணமின்றி அவர்களைக் கைது செய்யவோ சிறையிலிடவோ நாட்டைவிட்டு வெளியேற்றவோ வேண்டாம் என்றும் சொல்கிறது. கொடிய ஆவணம்தான்; அதனால் படிப்பை இழந்த பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. எனினும், தூக்குமேடைக்குத் தயங்காத ஓர் அரசு பத்தாண்டுகளுக்குள் எழுத்தாலும் ஆணையாலும் நசுக்கும் வழிக்கு மாறியது ஏன்? ஆட்சியாளர்களுக்கு இரக்கம் பிறந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. 1988-இல் ஈராக்குடனான போர் முடிந்தபின், நாட்டை மீண்டும் கட்ட அவர்களுக்கு வெளிநாட்டுக் கடனும் வணிகமும் தேவைப்பட்டன. ஒவ்வொரு தூக்குத்தண்டனைக்கும் வெளியுலகில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அரசு ஒரு பஹாயைக் கடைசியாகத் தூக்கிலிட்டது 1998-இல்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சூடானில் 2014 மே மாதம், கருவுற்றிருந்த மரியம் இப்ராஹிம் என்ற கிறித்தவப் பெண்ணுக்கு மதம் மாறியதாகக் கூறி மரண தண்டனை விதித்தார்கள். சிறையிலேயே குழந்தை பெற்றார். உலகம் முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்துசெய்தது. சோவியத் ஒன்றியத்தில், நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கிடைக்காமல் விமானத்தைக் கடத்த முயன்ற யூதர்கள் இருவருக்கு 1970 டிசம்பரில் லெனின்கிராடில் விதிக்கப்பட்ட மரண தண்டனை, உலகக் கண்டனத்துக்குப் பின் ஒரு வாரத்துக்குள் சிறைத்தண்டனையாகக் குறைந்தது.

எதிரணிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். வெளியுலகிடம் எதையும் எதிர்பார்க்காத அரசிடம் கண்டனம் எளிதில் எடுபடாது. 1979-இல் ஏறத்தாழ 51,000 யூதர்களை வெளியேற விட்ட சோவியத் அரசு, அமெரிக்காவுடன் உறவு கசந்தபின் 1984-இல் ஆயிரம் பேரைக்கூட விடவில்லை. ஆனால் இது கண்டனத்தைக் கைவிடுவதற்கான காரணம் ஆகாது. அதை வணிகத்தோடும் ஒப்பந்தத்தோடும் இணைத்து, ஆண்டுக்கணக்கில் தளராமல் நடத்த வேண்டும் என்பதற்கான காரணமே ஆகும்.

நடுவர் அவர்களே, எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் நான் கேட்பது ஒன்றுதான். வெளியுலகின் குரல் ஈரானின் காதில் விழவே இல்லையென்றால், 1991-இல் அந்தக் குறிப்பை அவர்கள் ரகசியமாக எழுத வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? அதற்கு அவர் இந்த மேடையிலேயே விடை சொல்லட்டும்.