படத்தைத் திருப்பிப் பார்த்தபோது

நேயர்களுக்கு வணக்கம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் உள்ள எங்கள் வீட்டில், தகரப் பெட்டிக்குள் பல காலம் கிடந்த ஒரு ஸ்டூடியோப் படம் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று நான் தேடிய கதையைச் சொல்லுமாறு அழைத்திருக்கிறார்கள். படத்தில் செதுக்கு வேலை செய்த நாற்காலியில் ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு அமர்ந்திருக்கிறாள். பின்னால் தூண்களும் கொடிகளும் வரைந்த திரை தொங்குகிறது. அவள் எங்கள் பூட்டி என்றும், தேயிலைக்கு முன் தோட்டங்களில் கோப்பி பயிரிட்ட கோப்பிக் காலத்தில் கண்டிக்குப் போய் எடுத்த படம் அது என்றும் வீட்டில் சொல்வார்கள். நானும் என் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லி வந்தேன்.

முதலில் நகையையும் உடையையும் வைத்துக் காலத்தைக் கணிக்கப் பார்த்தேன். அது தவறான வழி. படம் எடுக்க வருவோருக்குக் கோட்டையும் கைக்கடிகாரத்தையும் இரவல் கொடுத்த ஸ்டூடியோக்கள் உண்டு. ஆகவே கழுத்தில் தெரியும் அட்டிகை அவளுடையதுதானா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இருக்கிறது.

விடை படத்தின் முதுகில் இருந்தது. நடுவே ஒரு கோடு, வலப்பக்கம் முகவரிக்கான வரிகள், மூலையில் முத்திரை ஒட்டும் கட்டம்: தபாலட்டையாகவே அச்சிட்டு விற்ற படத்தாள் அது. செய்தியையும் முகவரியையும் ஒரே பக்கத்தில் எழுத இங்கிலாந்தின் தபால் துறை 1902 இல்தான் அனுமதித்தது. கோப்பியில் இலைநோய் கண்டது 1869 இல். 1880களின் நடுப்பகுதிக்குள் கோப்பி ஓய்ந்து தேயிலை ஏறிவிட்டது. கோப்பிக் காலத்துப் படமாக இருந்திருந்தால், முட்டை வெண்கரு பூசிய மெல்லிய தாளில் அச்சிட்டுத் தடித்த அட்டையில் ஒட்டி, பெரும்பாலும் மஞ்சள் பாரித்திருக்கும். எங்கள் படமோ ஒட்டப்படாத ஒற்றைத் தாள். சாய்த்துப் பிடித்தால் கருமையான இடங்களில் வெள்ளி போலப் பளபளப்பு தெரிகிறது, இது ஜெலட்டின் தாள் முதுமையடைந்ததன் அடையாளம். அப்படியானால் இளம்பெண்ணாக அமர்ந்திருப்பவள் பூட்டியாக இருக்க முடியாது. அப்பா சிறு பிள்ளையாக இருந்தபோதே இறந்துபோன, யாருக்கும் இளமை முகம் நினைவில்லாத என் அப்பாயிதான் அவள்.

கண்டிதானா என்பது அடுத்த கேள்வி. ஸ்கோவென் என்பவரின் ஸ்டூடியோ 1870களிலேயே கண்டியில் இயங்கியது. 1890 இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் பின்னர் கண்டியிலும் நுவரெலியாவிலும் கிளை வைத்தது. ஆனால் எங்கள் படத்தின் கீழ்மூலையில் மையின்றி அழுத்திய பெயரில், விளக்கொளியைப் பக்கவாட்டில் விட்டுப் பார்த்தபோது ஊர்ப் பெயரின் கடைசி எழுத்துகள் தெரிந்தன. அவை அட்டனுக்கே பொருந்தின. 1884 இல் புகையிரதம் வந்து சேர்ந்த ஊர் அது. சம்பளத்துக்கு மறுநாள் கடைவீதிக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் எங்கள் தோட்டம் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து முதியவர் ஒருவரின் வீட்டுச் சுவரில் அதே நாற்காலியும், வலதுபுறத் தூணில் மை கசிந்த அதே திரையும் உள்ள படத்தைப் பார்த்த பிறகு எனக்கு ஐயம் நீங்கியது.

தபாலட்டையாக எடுத்தார்கள் என்றால் ஊருக்கு ஒரு பிரதி போயிருக்க வேண்டும். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போய், நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென அமைந்த அரசுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை செய்த உறவினர் வீட்டில் அது கிடைத்தது. அப்பாயியின் அண்ணனுக்கு அனுப்பிய படம். மாசியில் ஊருக்கு வர முடியவில்லை, பிள்ளையைப் படத்திலாவது பாருங்கள் என்று யாரையோ கொண்டு எழுதுவித்திருக்கிறாள். தபால் முத்திரையில் 192 வரை தெளிவாக இருக்கிறது. நான்காவது இலக்கத்தின் மேல் மை படிந்துவிட்டது. மடியில் இருக்கும் பிள்ளை என் மூத்த அத்தை என்பதால், அவருடைய பிறப்புப் பதிவைத் தேடித் தருமாறு இப்போது விண்ணப்பித்திருக்கிறேன்.