கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டோடு வரிசையில் நிற்கிறீர்கள். இரண்டு வாரமாக இருமல். ஒரு இளம் டாக்டர் வந்து, "ஒரு ஆய்வு நடக்குதும்மா, சேர்ந்துக்கிறீங்களா?" என்று காகிதத்தை நீட்டுகிறார். ராயபுரமோ வியாசர்பாடியோ, உடனே மனசில் எழுவது ஒன்றுதான்: "எங்களை வச்சு டெஸ்ட் பண்றாங்களா?"

நியாயமான கேள்வி. அதற்கு இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது.

1950-களில் டி.பி. எனும் காசநோய் வந்தால் சானடோரியத்துக்கு, அதாவது டி.பி. நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போ என்பார்கள். மாதக்கணக்கில் படுக்கை. சம்பாதிப்பவர் அங்கே படுத்துவிட்டால் இங்கே அடுப்பு எரியாது. எல்லோருக்கும் போதுமான படுக்கைகளும் இல்லை. 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில், இன்னொரு பிரிவு வீட்டில். மருந்து எல்லோருக்கும் ஒன்றே, ஒரு வருடம்.

வீட்டில் இருந்தவர்களைச் சும்மா விட்டுவிடவில்லை. ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டி, மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உள்ளே போகிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். கூட வசித்த குடும்பத்தாரையும் தொடர்ந்து பரிசோதித்தார்கள்.

1959-ல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, செவிலியர் கவனிப்பு. வீட்டிலோ நெருக்கடி, அரைகுறைச் சாப்பாடு. ஆனாலும் குணமானது ஏறக்குறைய ஒரே அளவு! வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. உலகம் முழுக்க டி.பி. சிகிச்சை வீட்டுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று புளியந்தோப்பில் ஒருவர் வீட்டில் இருந்தபடியே ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறார் என்றால், அந்தக் குடும்பங்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். வகுப்பில் ஆய்வாளர்களின் பெயரைச் சொல்கிறோம், அந்தக் குடும்பங்களைச் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

சரி, இன்று உங்கள் கையில் இருக்கும் காகிதத்துக்கு வருவோம். அதில் உள்ளதை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டியது அவர்கள் கடமை. மருத்துவத் துறை சாராத ஒருவரும் இருக்கும் நெறிமுறைக் குழு அந்த ஆய்வுக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். என்ன மருந்து, என்ன தொந்தரவு வரலாம், வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். வேண்டாம் என்றாலும், பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். கோபிக்க யாருக்கும் உரிமை இல்லை.

நோயைக் கண்டுபிடிக்கும் பக்கத்திலும் ஆய்வு நிறைய மாற்றியிருக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் தெரிய வேண்டுமானால் ஒரு மில்லி சளியில் ஆயிரக்கணக்கில் கிருமி இருக்க வேண்டும். 2010-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பர்ட் கருவி அதைவிட மிகக் குறைந்த கிருமியையும் காட்டும். டி.பி.க்கு முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்து அந்தக் கிருமிக்குக் கேட்குமா என்பதையும் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் டப்பாவில் வெறும் எச்சில் இருந்தால் எந்தக் கருவியும் உதவாது. அதனால் காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். ஆட்கள் இல்லாத திறந்த வெளிக்குப் போங்கள். இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமிச் சளியை எடுங்கள். மூடியை இறுக்கி, அன்றைக்கே லேபில் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.