முடிக்காத ஆய்வைக் காட்டலாமா?

நேயர்களுக்கு வணக்கம். ஆய்வாளர்களுக்குச் சமூக வலைத்தளங்களால் பயன் உண்டா என்று பேச அழைத்திருக்கிறார்கள். உண்டு. ஆனால் பலர் அதைத் தேடுகிற இடம்தான் வேறு.

ஆய்வுக் கட்டுரைகளைப் பகிரும் ரிசர்ச்கேட், அகாடமியா போன்ற தளங்கள் 2008-இல் வந்தன. கட்டுரையை ஏற்றிவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தினமும் எட்டிப் பார்ப்பவர்கள் நிறைய. அந்த எண்ணால் யாருடைய ஆய்வும் ஓரடி நகர்ந்ததாகத் தெரியவில்லை. ஆய்வாளர்களுக்கு மதிப்பெண் போட்டுவந்த ரிசர்ச்கேட்டே 2022-இல் அதைக் கைவிட்டது.

முடிந்ததைக் காட்டுவதைவிட, முடியாததைக் காட்டும்போதுதான் இணையம் உண்மையில் உதவுகிறது. 2013-இல் யிடாங் ஜாங் என்ற கணிதவியலாளர் ஒன்றை நிறுவினார்: 7 கோடிக்கும் குறைவான இடைவெளியில் அமைந்த பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும். சரி, அந்த 7 கோடியை எவ்வளவு குறைக்கலாம்? டெரன்ஸ் தாவ் என்ற கணிதவியலாளர் முன்னின்று, இந்தக் கேள்வியை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். பாலிமேத் என்பது அந்த முயற்சியின் பெயர். பாதி யோசனை, சின்னத் திருத்தம், ‘இது சரிவராது’ என்ற மறுப்பு, எல்லாமே பொதுவில் நடந்தன. சில மாதங்களில் இடைவெளி 4,680-க்கு இறங்கியது. அப்புறம் ஜேம்ஸ் மேனார்ட் என்ற இன்னொரு கணிதவியலாளர் தனியாக உட்கார்ந்து, வேறொரு வழியில் அதை 600 ஆக்கினார். அவரும் குழுவோடு சேர, 2014-இல் அது 246 ஆனது. தனியாக யோசிக்கும் வேலையை வலைத்தளம் செய்துவிடாது என்பதும் இதிலேயே தெரிகிறது.

தவற்றைப் பிடிப்பதிலும் இணையத்துக்கு வேகம் அதிகம். பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்சனிக்கைக் கொண்டு வளரும் பாக்டீரியா கிடைத்துவிட்டது என்று 2010 டிசம்பரில் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. சில நாட்களிலேயே ரோஸி ரெட்ஃபீல்ட் என்ற நுண்ணுயிரியலாளர் அதன் ஓட்டைகளை இணையத்தில் எழுதினார். பிறகு தானே சோதனையில் இறங்கி, அதையும் பொதுவிலேயே எழுதிவந்தார். இதழில் அவருடைய முடிவு வெளியானபோது ஆண்டு 2012.

யோசனையைத் திருடிவிடுவார்களே என்று பயப்படுவீர்கள். பயம் நியாயம்தான். ஆனால் ஆர்க்கைவ் போன்ற தளத்தில் தேதியோடு முன்வரைவை, அதாவது இதழில் வருவதற்கு முந்தைய கட்டுரையை, வைத்துவிட்டால் அதுவே உங்களுக்குச் சாட்சி. இதழ் அச்சிட்ட பிரதியை ஏற்றும்முன் மட்டும் பதிப்பக விதியைப் பாருங்கள்.

கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். ‘என் துறையில் நல்ல கட்டுரை சொல்லுங்கள்’ என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்த வெப்பநிலையில் இந்தப் புரதம் ஏன் திரிகிறது, இதையெல்லாம் செய்துபார்த்துவிட்டேன் என்று கேளுங்கள். அதே தொல்லையைப் பட்ட யாராவது பதில் போடுவார். அந்த யோசனை பலித்ததா இல்லையா என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். அடுத்து அதே சிக்கலோடு வருபவர் தேடுவது அதைத்தான். வணக்கம்.