யாரு அவுட்டுன்னு முதல்ல சொல்லு

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் தம்பிமார்களே, அக்கா அவர்களே, பந்தலுக்குள் இடம் போதாமல் தேர்முட்டி வரைக்கும் நின்று கேட்கிற ஊர்ப் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

விளையாட்டு வர்ணனையைக் கேட்க இனிமையாக்குவது வர்ணனையாளரின் கலகலப்பா, கவனிப்பா? இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி, கலகலப்பே என்று முழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். தட்டி முடித்த பிறகு, தம்பி என்ன சொன்னார் என்று யோசித்துப் பார்க்கிறேன், சத்தம்தான் ஞாபகம் இருக்கிறது.

ஒன்று மட்டும் மறக்கவில்லை. வர்ணனை என்றால் மடை திறந்த வெள்ளம்போல் வரவேண்டும் என்றார். தம்பி வெளியூர் போலிருக்கிறது. டெல்டாவில் நின்றுகொண்டு மடை திறந்த வெள்ளத்தைப் பெருமையாகச் சொல்லலாமா? மேட்டூரில் ஜூன் 12 அன்று திறக்கிற தண்ணீர், கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி, வாய்க்கால் வாய்க்காலாக எங்கள் வயலுக்கு வருவதற்குள் எத்தனை ஷட்டர், எத்தனை பலகை! புதிதாய் நட்ட வயலுக்கு ஒரு விரல்கடைத் தண்ணீர் போதும். மடை திறந்தே கிடந்தால் நாற்று மிதக்கும், அப்புறம் அழுகும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மண்வெட்டியோடு போய் மடை அடைக்கிற ஊர் ஐயா இது. எங்களிடம் வந்து வெள்ளத்தை விற்கக் கூடாது.

நான் ரேடியோவில் கமெண்ட்ரி கேட்டு வளர்ந்தவன். 1988 பொங்கல் வாரம். சேப்பாக்கத்தில் இந்தியாவும் வெஸ்ட் இண்டீஸும் டெஸ்ட் ஆடுகின்றன. எங்கள் களத்தில் சம்பா அறுத்துக் கட்டடிப்பு நடக்கிறது. டிரான்சிஸ்டரை அப்பா வேப்பங்கிளையில் மாட்டியிருப்பார். தாளை ஓங்கி அடிக்கிற சத்தத்துக்கு நடுவே அதைக் கேட்கவேண்டும். அடிக்கிற கை நிற்காது, காது மட்டும் மரத்தில் இருக்கும். ஹிர்வானி என்று ஒரு பையன், 19 வயது, கண்ணாடி போட்டிருப்பான், அவனுக்கு அதுதான் முதல் டெஸ்ட். லெக் ஸ்பின் போட்டு இரண்டு இன்னிங்ஸிலும் எட்டு எட்டு, மொத்தம் 16 விக்கெட். விக்கெட் கீப்பர் கிரண் மோரே அந்த ஆட்டத்தில் ஆறு ஸ்டம்பிங் செய்தார்.

எங்கள் களத்தில் ஒருவர்கூட சேப்பாக்கத்தைப் பார்த்ததில்லை. ஆனால் பந்து எங்கே குத்தியது, எந்தப் பக்கம் திரும்பியது, ஆட்டக்காரர் எத்தனை அடி இறங்கி வந்தார், அவர் கால் கோட்டுக்குத் திரும்புவதற்குள் மோரேயின் கை என்ன செய்தது என்று எல்லாம் தெரிந்தது. ரேடியோக்காரர் சொன்னார், எங்களுக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஒருவர் நெல் தாளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இறங்கி வந்து ஏமாறுவது எப்படி என்று எங்களுக்கு நடித்துக் காட்டினார். அவர் அதுவரை கிரிக்கெட் மட்டையைத் தொட்டதில்லை. கலகலப்பால் இது நடக்குமா, நடுவர் அவர்களே?

ஆகாசவாணியில் தமிழில் கிரிக்கெட் சொன்ன கூத்தபிரான், சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் இருவரும் இன்று நம்மோடு இல்லை. கூத்தபிரான் சிறுவர் நிகழ்ச்சியும் நடத்தியவர். குழந்தைகளுக்குப் பேசிப் பழகியவருக்கு ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்கும்: எதிரே இருப்பவனுக்கு என்ன தெரியாது என்று கண்டுபிடித்தால்தான் அவன் உட்கார்ந்து கேட்பான்.

ஸ்கோரையே எடுத்துக்கொள்ளுங்கள். வயலிலிருந்து வருகிறவன், பஸ்ஸை விட்டு இறங்குகிறவன், எல்லாரும் முதல் பந்திலிருந்தா கேட்கிறார்கள்? அமெரிக்காவில் ரெட் பார்பர் என்று ஒரு பேஸ்பால் வர்ணனையாளர் இருந்தார். முட்டை வேகவைக்க வைப்பார்களே, மூன்று நிமிட மணல் கடிகாரம், அதை மேசையில் வைத்திருப்பாராம். மணல் இறங்கியதும் ஸ்கோர் சொல்வார், திருப்பி வைப்பார். கதை எவ்வளவு சுவாரசியமாகப் போனாலும் மணல் இறங்கினால் ஸ்கோர். இப்போது அமெரிக்காவைக் கொஞ்சம் ஓரங்கட்டுங்கள், நம்மூருக்கு வருவோம். போன சீசன் ஐபிஎல், பெரிய கடைவீதி டீக்கடை. தமிழ் கமெண்ட்ரி ஓடுகிறது. 2017-இல் தமிழுக்கென்று தனி ஸ்போர்ட்ஸ் சேனலே வந்துவிட்டது, சந்தோஷம்தான். அன்றைக்கு மைக்கில் மூன்று பேர். மூவரும் பழைய ஹோட்டல் அறைக் கதை ஒன்றைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒரு பந்து போகிறது, சிரிப்பு. இரண்டாவது பந்து, யாரோ யார் பிரியாணியையோ தின்றுவிட்டாராம், சிரிப்பு. மூன்றாவது பந்து தேர்டு மேன் பக்கம் பவுண்டரி. "அடடா, என்ன அடி, என்ன அடி!" என்று மூவரும் அலறினார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் திரும்பாமலே சொன்னார்: "அங்க நின்னவன ரெண்டு பந்துக்கு முன்னாடியே உள்ள கொண்டாந்துட்டானுவ. நான் அப்பவே பாத்தேன்."

ஒரு கையில் டபரா, ஒரு கையில் கிளாஸ், அடுப்பில் பால். அந்த மனிதர் பார்த்தார். பார்ப்பதற்கென்றே ஏசி அறையில் உட்கார்ந்திருந்த மூவரும் பார்க்கவில்லை. டிவியில் பந்து பவுண்டரிக்குப் போவது எனக்கே தெரிகிறது. காமிரா காட்டாத ஆள் எங்கே நகர்ந்தான், பந்து போடுகிறவன் ஏன் ஸ்டம்புக்கு அந்தப் பக்கம் மாறினான், அதைத்தானே எனக்குச் சொல்லவேண்டும்? கதை வேண்டாமென்று சொல்லவில்லை. முன்னாள் ஆட்டக்காரர்கள் சொல்லும் கதைகள் எனக்கும் பிடிக்கும். டிரிங்க்ஸ் இடைவேளையில் சொல்லட்டும்.

கத்துகிறவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் அம்மாவுக்கு கிரிக்கெட் பாதிதான் புரியும். அடுப்படியில் இருப்பார். ரேடியோவில் குரல் ஏறினால் கரண்டியோடு வாசல்படிக்கு வந்து நிற்பார், "என்னாச்சு?" என்பார். குரல் ஏறுவதுதான் அவருக்கு அழைப்பு மணி. இப்போது ஒரு ரன் எடுத்தாலும் அபாரம், வைடு போட்டாலும் அட்டகாசம். அம்மா முதல் இரண்டு மேட்ச் வந்து வந்து பார்த்தார். தோசை தீய்ந்ததுதான் மிச்சம். இப்போது உலகக் கோப்பையையே தூக்கினாலும் அடுப்படியை விட்டு வருவதில்லை.

எதிரணித் தம்பி 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை இழுத்தார். வான்கடே, ஏப்ரல் 2, குலசேகரா பந்தில் தோனி சிக்ஸர், ரவி சாஸ்திரியின் குரல். கேட்டால் இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது, அது கலகலப்புதானே என்றார். தம்பி, அந்தக் குரலில் முழக்கம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் சொன்னதைப் பிரித்துப் பாருங்கள். ஆட்டத்தை முடித்தது தோனி. பந்து போனது கூட்டத்துக்குள். கோப்பை வருவது 28 வருடம் கழித்து. யார், எங்கே, எத்தனை நாள் கழித்து! எங்கள் களத்து வேப்பமரத்தில் மாட்டியிருந்தாலும் அந்த வரி புரிந்திருக்கும். நீங்கள் கொண்டுவந்த சாட்சி எங்கள் அணிக்காக அல்லவா பேசுகிறார்! சொல்லப்போனால், 1988 சேப்பாக்கம் என்று சொன்னேனே, அதில் இந்தியாவுக்குக் கேப்டன் இதே சாஸ்திரிதான். அவர் கேப்டனாக ஆடிய ஒரே டெஸ்ட். ஜெயித்துக் கொடுத்தார். இது வழக்குக்குத் தொடர்பில்லாத தகவல், சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

அடுத்து அந்த அக்கா ஜல்லிக்கட்டைப் பிடித்தார். திருக்கானூர்பட்டிக்குப் போய்ப் பாருங்கள், மைக்செட் அண்ணன் கலகலப்பு இல்லாவிட்டால் வாடிவாசல் களை கட்டுமா என்று கேட்டார். அக்கா, நானும் போயிருக்கிறேன். "மாடு வருது, மாட்டுக்காரர் இந்த ஊரு, தொட்டுப் பார், சைக்கிள் இருக்கு, அண்டா இருக்கு" என்று அவர் பேசுவது கேட்க ஆனந்தம்தான். ஆனால் அதே மூச்சில், "மஞ்சச் சட்டை, வாலை விடு! ரெண்டு பேர் புடிச்சா பரிசு கிடையாது, ஒருத்தர் எறங்கு!" என்கிறாரே, அதை விட்டுவிட்டீர்களே. திமிலைத்தான் பிடிக்கவேண்டும், ஒருவர்தான் பிடிக்கவேண்டும். தூசிக்குள்ளே அம்பது பேர் பாய்கிற இடத்தில், எந்தக் கை திமிலில், எந்தக் கை கொம்பில் என்று அவர் கண் பிரித்துப் பார்க்கிறது. அவர் கண்ணைக் கட்டிவிட்டு வாயை மட்டும் திறந்து விடுங்கள், ஒரு மாட்டுக்கு நாலு பேர் பரிசு கேட்டு மேடை ஏறுவார்கள்.

சும்மா இருப்பதும் கவனிப்புதான். தவில்காரரைப் பார்த்து "அடக்கி வாசி" என்கிறோமே, இந்த ஜில்லாவுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. நாகஸ்வரம் ராகத்தை இழைக்கும்போது தவில் அடங்கியிருந்தால், அவருக்கு வாசிக்கத் தெரியாது என்றா அர்த்தம்? 1974 ஏப்ரல் 8. அமெரிக்காவின் அட்லாண்டாவில் பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரன் தன் 715-வது ஹோம் ரன்னை அடித்து, பேப் ரூத்தின் சாதனையைத் தாண்டினார். மைக்கில் இருந்தவர்களில் ஒருவர் வின் ஸ்கல்லி. பந்து வேலியைத் தாண்டியது என்றார், பேச்சை நிறுத்திவிட்டார். வெடியும் கூட்டத்தின் இரைச்சலும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. வெகுநேரம் கழித்துத்தான் வாய் திறந்தார். நிறவெறி ஊறிக்கிடந்த தென்பகுதியில் ஒரு கறுப்பினத்தவருக்குக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது என்ற அர்த்தத்தில் சொன்னார். அந்தக் கைதட்டலை முதலில் நம்மைக் கேட்கவிட்டார், அது என்னவென்று அப்புறம்தான் சொன்னார்.

நம் சேப்பாக்கத்திலும் அப்படி ஒரு நாள் உண்டு. 1999 ஜனவரி 31. டெண்டுல்கர் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். ஜெயித்தவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள், சென்னை எழுந்து நின்று கைதட்டியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போது மைக்கில் இருந்தவர் யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவருக்கு நான் கொடுக்கக்கூடிய பெரிய பாராட்டு அதுதான்.

இவ்வளவு பேசுகிறாயே, நீ மைக் பிடித்திருக்கிறாயா என்று கேட்பீர்கள். பிடித்திருக்கிறேன். அந்த மானக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும்.

திருவிழா கபடி, ராத்திரி ஆட்டம். வடுவூருக்குப் பக்கத்து ஜனம் நாம், கபடியில் தப்பாக ஒரு வார்த்தை சொன்னால் டியூப்லைட்டைப் பிடுங்கிவிடுவார்கள். அப்படியிருந்தும் எனக்குத் தைரியம். கடைசி இரண்டு நிமிடம், ஒரு புள்ளி வித்தியாசம். எதிரூர்ப் பையன் பாடி வருகிறான். நம் பக்கம் ஆறு பேர் நிற்கிறார்கள், அதனால் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் போனஸ் புள்ளி உண்டு. அஞ்சு பேராக இருந்தால் போனஸ் கிடையாது. இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தாலே மைதானம் மூச்சைப் பிடித்திருக்கும். நான் என்ன செய்தேன்? சுழற்கோப்பை உபயதாரரை வாழ்த்திக்கொண்டிருந்தேன். "நெல் கொடுத்த வள்ளல், சொல் தவறாத செம்மல்" என்று எதுகை வேறு. கூட்டம் சிரித்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரத்தில் பையன் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தான், நம் பையன் கணுக்காலைப் பிடித்தான், மூன்று பேர் மேலே விழுந்தார்கள், விசில்.

முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பின்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்களுக்கு முதுகுகள்தான் தெரிந்தன. அவர்களுக்கு இருந்தது என் மைக் ஒன்றுதான். நானோ செம்மலுக்கு அடுத்த எதுகை தேடிக்கொண்டிருக்கிறேன். அங்கிருந்து எங்கள் பெரியம்மாவின் குரல் வந்தது: "தம்பி, யாரு அவுட்டுன்னு முதல்ல சொல்லு. அவரு வள்ளலா இல்லையான்னு காலையில பேசிக்கலாம்!"

திரும்பிப் பார்க்கிறேன். எனக்குத் தெரியவில்லை, ஐயா. நான் பார்க்கவே இல்லை. மைக்கை அணைக்காமல் பக்கத்தில் இருந்தவரிடம், "யாருப்பா அவுட்டு?" என்று கேட்டேன். நான்கு குழாய் ஸ்பீக்கரிலும் அது போனது. அன்றைக்கு இந்த ஊரில் எழுந்த சிரிப்பைப் போல ஒரு கலகலப்பை எதிரணியினர் ஏழு ஜென்மத்துக்கும் கொடுக்க முடியாது.

இன்னும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். நடுவர் அவர்களின் கை மணிப்பக்கம் போவதைப் பார்த்துவிட்டேன். பின்வரிசையில் பெரியம்மா இன்றைக்கும் வந்திருக்கிறார், காது முன்போல் இல்லை, கையைக் காதோரம் குவித்து வைத்திருக்கிறார். நான் எந்தக் கட்சி என்று அவருக்கு விழுந்ததோ என்னவோ. பெரியம்மா, நான் கவனிப்புக் கட்சி. வணக்கம்.