பொய் சொன்ன பென் டிரைவ்: 6ஆம் தலைமுறை கணினியில் விண்டோஸ் 7

வணக்கம் மக்களே. கேமரா கொஞ்சம் ஆடும், மன்னித்துக் கொள்ளுங்கள். மேசை முழுக்க வயர்.

மாமாவின் ஸ்டூடியோவில் பழைய நெகட்டிவ் ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அதற்கான டிரைவர் (கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) விண்டோஸ் 7-உடன் நின்றுவிட்டது. பழைய கணினி போன மாதம் புகைந்து போனது. "உன்னிடம் ஒரு கணினி சும்மா கிடக்கிறதே, அதில் விண்டோஸ் 7 போட்டுக் கொடுப்பா" என்றார் மாமா. இன்டெல் 6ஆம் தலைமுறை ஐ3. அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். இரண்டு நாள் ஆனது.

பென் டிரைவ் தயாரிப்பதில் சிக்கல் இல்லை. 8 ஜிபி போதும். பூட் ஆகும் பென் டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருளில் விண்டோஸ் 7-இன் ஐஎஸ்ஓ கோப்பை (முழு இன்ஸ்டால் டிஸ்க்கும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) காட்டி, எம்பிஆர், பயாஸ் என்று பழைய முறைகளைத் தேர்ந்தெடுத்தேன். அப்புறம் கணினியின் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) போய், கையெழுத்திட்ட பூட் நிரலை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டை அணைத்து, பழைய முறையில் பூட் ஆக விடும் சிஎஸ்எம்மை ஆன் செய்தேன். பூட் ஆனது. மொழி கேட்கும் திரையும் வந்தது.

அங்கேதான் மாட்டினேன். மவுஸ் அசையவில்லை, கீபோர்டும் செத்துவிட்டது. பயாஸில் இரண்டும் ஓடினவே! நீல யுஎஸ்பி போர்ட்டிலிருந்து (3.0) பிடுங்கிக் கறுப்பில் (2.0) செருகினேன், பயனில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. விண்டோஸ் 7 வந்தது 2009 அக்டோபரில். அதன் இன்ஸ்டாலருக்கு யுஎஸ்பி 3.0 என்றால் என்னவென்றே தெரியாது. இந்த 6ஆம் தலைமுறை போர்டுகளிலோ பழைய யுஎஸ்பி 2.0 கன்ட்ரோலரையே (போர்ட்டுகளை இயக்கும் சிப் பகுதி) எடுத்துவிட்டார்கள். கறுப்பு போர்ட்டும் உள்ளே 3.0 கன்ட்ரோலரில்தான் தொங்குகிறது. பயாஸ் தன் கையில் வைத்திருக்கும் வரை ஓடும். விண்டோஸ் பொறுப்பெடுத்ததும் எல்லாம் அடங்கிவிடும்.

போர்டின் பின்னால் உருண்டையாக ஒரு பிஎஸ்/2 துளை இருந்தது, யுஎஸ்பிக்கு முந்தைய கீபோர்டு இணைப்பு. பரணிலிருந்து பழைய கீபோர்டை இறக்கிச் செருகினேன், ஓடியது! குதித்தேன். அடுத்த திரையில், சிடி, டிவிடி டிரைவுக்கான டிரைவர் இல்லை என்று சொன்னது. என்னிடம் சிடி டிரைவே இல்லையே ஐயா! இந்தச் செய்தியை நம்பித்தான் முதல் நாள் ராத்திரி ஐஎஸ்ஓவை மறுபடி இறக்கினேன், வேறு பென் டிரைவ் வாங்கினேன். வீண். அது சொல்ல வருவது இவ்வளவுதான்: "பென் டிரைவும் யுஎஸ்பியில்தானே இருக்கிறது, அது என் கண்ணுக்குத் தெரியவில்லை."

ஆகவே டிரைவரை இன்ஸ்டாலருக்குள்ளேயே திணிக்க வேண்டும். இன்டெலின் யுஎஸ்பி 3.0 டிரைவரை எடுத்து, விண்டோஸோடு வரும் டிஸ்ம் கட்டளையால், பென் டிரைவின் சோர்சஸ் ஃபோல்டரில் உள்ள பூட்.விம் (இன்ஸ்டாலர்), இன்ஸ்டால்.விம் (கணினியில் ஏறப்போகும் விண்டோஸ்) என்ற இரண்டு கோப்புகளிலும் சேர்த்தேன். ஒரு விம் கோப்புக்குள் எண் போட்ட பல பிரதிகள் இருக்கும்; பூட்.விம்மில் இரண்டாம் எண்தான் செட்டப். நான் முதல் எண்ணில் மட்டும் போட்டு ஒரு மணி நேரம் தொலைத்தேன். இன்ஸ்டால்.விம்மில் நீங்கள் போடப்போகும் பதிப்பின் எண்ணைப் பாருங்கள். அதை விட்டால் டெஸ்க்டாப் வந்த பிறகு மறுபடி மவுஸ் சாகும். விம் கோப்பை மூடும்போது கமிட் (சேமி) என்று கொடுக்காவிட்டால் செய்த எதுவும் சேமிக்கப்படாது. இதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மற்றதெல்லாம் சாதாரணம். முதல் ரீஸ்டார்ட்டில் பென் டிரைவை உருவி விடுங்கள், இல்லையென்றால் ஆரம்பத்திலிருந்து தொடங்கும். 100 எம்பிக்கு ஒரு குட்டிப் பார்ட்டிஷன் தானாக உருவாகும், அதை அழிக்காதீர்கள். உங்களிடம் என்விஎம்ஈ டிஸ்க் (புது வகை வேகமான எஸ்எஸ்டி) இருந்தால் அதற்கும் தனியாக டிரைவர் சேர்க்க வேண்டும். என்னுடையது பழைய சாட்டா இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி, தப்பித்தேன்.

ஒரு விஷயம். 2020 ஜனவரி 14-உடன் விண்டோஸ் 7-க்குப் பொதுவான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அதனால் இந்தக் கணினிக்கு இணையமே கிடையாது. "யூடியூப் மட்டும் பார்த்துக்கொள்கிறேனே" என்று மாமா கேட்டார். லேன் கேபிளைச் சுருட்டி என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இதோ, ஸ்கேனர் விளக்கு எரிகிறது பாருங்கள். முதல் நெகட்டிவ் போகிறது. தூசி நிறைய இருக்கிறது மாமா, துடைத்துவிட்டு வையுங்கள்.